செக்ரோலிலிருந்து டேட்டா கியூப் வரை

சிரம்பானிலிருந்து தெற்கே போகும் கொமூட்டர் ரயிலில் செனவாங்கைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் சுங்கை காடுட். இறங்கி வெளியே வந்தால் தாமான் வீடுகள், கடைவரிசை, கொஞ்ச தூரத்தில் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரமாக இருந்தது என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் பலர் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் பாட்டிக்கு மட்டும் அந்த இடம் இன்னும் பழையபடிதான் தெரிகிறது. காரில் போகும்போது கையை நீட்டி, "இந்தா, இந்தப் பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கே, இங்கேருந்துதான் எங்க நெரை ஆரம்பிக்கும்" என்பார்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையின் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். உற்பத்தி, வருகை, பழுது, செலவு எல்லாவற்றையும் திரட்டி, மேலாளர்கள் பார்க்கும் டாஷ்போர்டு செய்து கொடுப்பது என் வேலை. இதைப் பாட்டிக்கு விளக்க ஒருநாள் அரைமணி நேரம் மெனக்கெட்டேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த மெஷினில் நின்றார்கள், எவ்வளவு செய்தார்கள், யார் மட்டம் போட்டார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்து, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுவோம் என்றேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

"ஏய்யா, இதுக்கா நாலு வருஷம் படிச்ச? இது கிராணி வேலதானே?"

அப்போது சிரித்துவிட்டேன். பிறகு நூலகத்திலும் இணையத்திலும் தோட்ட வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, பாட்டி சொன்னதில் தப்பே இல்லை என்று புரிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் புரிதலைப் பற்றியது.

பெரட்டுக்களத்தில் ஓர் அட்டவணை

முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். 'டேட்டா கியூப்' என்பதைத் தமிழில் தரவுக் கனசதுரம் என்கிறோம். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. சாதாரண அட்டவணைக்கு இரண்டு பக்கம்: கீழ்நோக்கி ஆட்களின் பெயர், குறுக்கே தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். இதோடு 'எந்த இடம்' என்ற மூன்றாவது பக்கத்தைச் சேர்த்தால் அட்டவணை பெட்டியாகிவிடும். நான்காவது, ஐந்தாவது பக்கங்களைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கங்களுக்குப் பரிமாணம் என்று பெயர். கட்டத்துக்குள் இருக்கும் எண்ணுக்கு அளவை என்று பெயர். பெட்டியை ஒரு பக்கமாக வெட்டிப் பார்ப்பது ஸ்லைஸ். நாள் கணக்கை மாதக் கணக்காகச் சுருக்குவது ரோல்-அப். மாதத்திலிருந்து மறுபடி நாளுக்கு இறங்குவது டிரில்-டவுன். பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்று லட்சக்கணக்கில் விற்கப்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த நாலைந்து செயல்களைத்தான் வேகமாகச் செய்துகாட்டுகின்றன.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கங்காணியோ மண்டோரோ பெயர் சொல்ல, கிராணி செக்ரோலில் புள்ளி வைப்பார். வராதவருக்குக் கட்டம் காலி. பிறகு மரம் வெட்டி, மங்கில் விழுந்த பாலை எடுத்து, காண்டா போட்டுச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்தால் அங்கே மறுபடி கணக்கு. பாலின் எடையோடு வேலை முடியாது. மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். தண்ணீர் கலந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டுப்பால் தனிக் கணக்கு.

ஆள், நாள், நிரை, வேலை வகை, ஆணா பெண்ணா, எந்தக் கங்காணியின் கீழ் என்பவை பரிமாணங்கள். வேலை நாள், பாலின் எடை, கூலி ஆகியவை அளவைகள். ஒரு தோட்டத்தில் 300 பேர் மாதம் 26 நாள் வேலை செய்தால், ஒரே ஓர் அளவைக்கு மட்டும் 7,800 கட்டங்கள். இதைக் கையால் எழுதி, மாதக் கடைசியில் கூட்டி, ஆள்வாரியாகச் சம்பளம் பிரித்து, கங்காணிவாரியாகத் தொகை போட்டு, துரை மேசைக்கு ஒரே தாளாகச் சுருக்கி அனுப்பினார் கிராணி. ரோல்-அப் என்பதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

கங்காணிவாரித் தொகை எதற்கு? அவருக்குத் தலைக்காசு உண்டு. அவருடைய ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குச் சில காசு. ஆகவே காய்ச்சலில் படுத்திருப்பவரைக்கூட எழுப்பி இழுத்துக்கொண்டுவர அவருக்கு ஒரு காரணம் இருந்தது. கணக்கேட்டில் ஒரு பத்தி, லயத்தில் ஒரு மனிதனின் காலைப்பொழுதை இப்படித் தீர்மானித்தது.

அரசாங்கமும் ஆள்நாளும்

செக்ரோல் தோட்டத்து வாசலோடு நிற்கவில்லை. 1907ல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றைக் காலனி அரசு ஏற்படுத்தியது. பின்னாளில் இது இந்தியக் குடியேற்ற நிதி ஆனது. தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவை எல்லா முதலாளிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் காசு போட்டு ஆள் கொண்டுவர, பக்கத்துத் தோட்டக்காரர் ஆசைகாட்டி இழுத்துக்கொள்வது நிற்க வேண்டும் என்பது நோக்கம். இந்த நிதியில்தான் கப்பல் கட்டணம், நாகப்பட்டினம், ஆவடி முகாம்களின் செலவு, கங்காணிகளின் ஆள்சேர்ப்புச் செலவு எல்லாம் ஓடின.

எந்த முதலாளி எவ்வளவு கட்டுவது என்ற கேள்விக்குக் கண்டுபிடித்த விடைதான் ஒரு தரவு எஞ்சினியராக என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காலாண்டுக்கு ஒருமுறை, அந்தத் தோட்டத்தில் இந்தியத் தொழிலாளர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கூட்டுத்தொகையை வைத்து வரி. அதாவது ஆள்நாள். சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் கிள்ளான், பேராக் தோட்டமாக இருந்தாலும் ஒரே அளவை, ஒரே காலப் பகுப்பு, ஒரே படிவம். கிளைதோறும் உள்ள தரவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து மையத்தில் சேர்ப்பதை இன்று டேட்டா வேர்ஹவுஸ் என்கிறோம். அதில் ஆகப்பெரிய தலைவலி, எல்லாக் கிளைகளும் ஒரே வரையறையைப் பின்பற்ற வைப்பது. அந்தத் தலைவலியைக் காகிதத்திலும் தபாலிலும் அவர்கள் தீர்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் படிவத்தில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். வேலை செய்த நாள் இருந்தது. ஏன் வேலை செய்யவில்லை என்பது இல்லை. அதைக் கேட்க ஒரு டாக்டர் வர வேண்டியிருந்தது.

மலையும் சதுப்பும்: மால்கம் வாட்சன்

1897ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார். நான்கு வருடம் கழித்து, 1901ல், மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். ஊரே காய்ச்சலில் கிடந்தது. சதுப்பை வடித்து, ஊரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டச் செய்தார். காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. ஆக, 'காட்டை வெட்டு, தண்ணீரை வடி, மலேரியா ஒழியும்' என்ற விதி கிடைத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தோட்டங்களுக்கு அந்த விதியைக் கொண்டுபோனபோதுதான் சிக்கல். சில தோட்டங்களில் காட்டை அழித்ததும் காய்ச்சல் குறைந்தது. வேறு சிலவற்றில் காட்டை அழித்த பிறகு காய்ச்சல் கூடியது! எல்லாத் தோட்டங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றுமே புரியாது.

வாட்சன் செய்தது இதுதான். மருத்துவமனைக் கணக்கை மட்டும் நம்பாமல், தோட்டம் தோட்டமாகப் போய் லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பது ஓர் அளவை. பெரியவர்கள் வருவார்கள், போவார்கள், கப்பல் ஏறுவார்கள். பிள்ளைகள் அந்த மண்ணிலேயே இருப்பதால் அவர்கள் உடம்பு அந்த இடத்தின் உண்மையைச் சொல்லும். பிறகு அந்த எண்களை நிலத்தின் தன்மைவாரியாகப் பிரித்தார். தாழ்ந்த சமநிலம் ஒரு பக்கம், மலையடிவாரம் ஒரு பக்கம்.

பிரித்ததும் விடை தெளிந்தது. சமநிலச் சதுப்பில் நோய் பரப்பிய அனாஃபிலிஸ் அம்ப்ரோசஸ் கொசு, நிழலான காட்டுக் குட்டைகளில் முட்டையிடுவது. காட்டை வெட்டினால் நிழல் போகும், கொசுவும் போகும். மலைப்பாங்கான நிலத்தில் நோய் பரப்பிய அனாஃபிலிஸ் மாகுலேட்டஸ், வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடுவது. அங்கே காட்டை வெட்டினால் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. அதற்கு மருந்து வேறு: ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் போட்டு ஓடவிடுவது, பின்னாளில் எண்ணெய் தெளிப்பது. 1911ல் இவற்றையெல்லாம் ஒரு நூலாக எழுதினார்.

நெகிரி செம்பிலான் பெரும்பாலும் மேடு பள்ளமான, மலையடிவார நிலம். கிள்ளான் சமவெளியில் வெற்றிபெற்ற விதியை இங்கே அப்படியே கொண்டுவந்திருந்தால் அது ஆட்களைக் கொன்றிருக்கும். இதை நான் வேலையிடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன்: கூட்டுத்தொகை பொய் சொல்வதில்லை, ஆனால் எந்தப் பரிமாணத்தில் வெட்டாமல் விட்டோமோ அதற்குள் உண்மை ஒளிந்துகொள்ளும். 'நில அமைப்பு' என்ற ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்ததில் எத்தனையோ உயிர் பிழைத்தது.

விலையை முன்கூட்டிச் சொல்ல ஒரு திட்டம்

முன்கணிப்புப் பகுப்பாய்வு என்பது பழைய எண்களை வைத்து வரப்போவதை ஊகிப்பது. தோட்ட வரலாற்றில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் ஸ்டீவன்சன் திட்டம்.

ரப்பர் விலை ஏறி இறங்குவது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. 1910ல் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது. முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போனது. வின்ஸ்டன் சர்ச்சில் காலனிகளின் அமைச்சராக இருந்த நேரம் அது. சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையிலான குழு ஒரு திட்டம் தீட்டியது. 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் சிலோனிலும் நடைமுறைக்கு வந்தது.

அதன் அமைப்பை இன்று படித்தால் ஒரு கணினி நிரல்போல இருக்கிறது. 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரை ஒவ்வொரு தோட்டமும் எவ்வளவு உற்பத்தி செய்ததோ, அது அந்தத் தோட்டத்தின் அடிப்படை அளவு. தொடக்கத்தில் அதில் 60 விழுக்காடுதான் சாதாரண வரியில் ஏற்றுமதி செய்யலாம். காலாண்டுக்கு ஒருமுறை லண்டன் சந்தையின் சராசரி விலையைப் பார்ப்பார்கள். விலை ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் என்ற இலக்கை எட்டி அதற்கு மேலே நின்றால் விழுக்காட்டைக் கூட்டு. கீழே போனால் குறை. உள்ளீடு விலை, வெளியீடு ஒதுக்கீடு. கையால் ஓடிய அல்காரிதம்.

1925ல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியது. லண்டனில் கொண்டாட்டம். ஆனால் அந்த அட்டவணையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

ஒன்று வெளியே. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் திட்டத்தில் சேரவில்லை. சுமத்ராவிலும் போர்னியோவிலும் சிறு விவசாயிகள் ஏற்கெனவே நட்டிருந்த மரங்கள் வெட்டுக்கு வந்துகொண்டிருந்தன. நல்ல விலையைப் பார்த்து இன்னும் நட்டார்கள். பால்மரம் நட்டால் வெட்ட ஆறேழு வருடம் ஆகும் என்பதால், இன்றைய விலையின் விளைவு உடனே எண்களில் தெரியாது. அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை: ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்குப் போனது, ஹென்றி ஃபோர்டு அமேசானில் ஃபோர்ட்லாண்டியாவைத் தொடங்கினார், பழைய ரப்பரை உருக்கி மறுபயன்பாடு செய்வது பெருகியது. மலாயா விட்டுக்கொடுத்த இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். 1928 அக்டோபர் முடிவோடு திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள்.

இன்னொரு ஓட்டை உள்ளே. பெரிய தோட்டங்களிடம் செக்ரோலும் ஸ்டோர் கணக்கும் இருந்ததால் தங்கள் பழைய உற்பத்தியை நிரூபிக்க முடிந்தது. கம்போங்கில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரரிடம் ஏது ஏடு? அதிகாரிகள் பொதுவான ஓர் அளவை வைத்து அவர் உற்பத்தியை மதிப்பிட்டார்கள், பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக. பொருளியலாளர் பி. டி. பாயர் பின்னாளில் 1948ல் வெளியான தன் நூலில் இந்த அநீதியை விரிவாக எடுத்துக்காட்டினார். கணக்கு வைத்திருந்தவருக்குக் கோட்டா கிடைத்தது. கணக்கில்லாதவரின் மரம் எவ்வளவு பால் கொடுத்தாலும் கோட்டாவின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

திட்டம் போன கையோடு உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. இப்போது அட்டவணையில் குறைக்க வேண்டிய எண், ஆட்களின் எண்ணிக்கை. 1930ல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆள் கொண்டுவரச் சேர்த்த அதே நிதி, ஆளைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. விலை மறுபடி ஏறியதும் மறுபடி ஆள் வேண்டியிருந்தது. 1938ல் கூலி குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. அதோடு அந்தக் குழாய் அடைபட்டது.

சென்னையிலிருந்து இருவர்

இனி கணினிக் காலத்துக்குத் தாவுகிறேன். 1970ல் ரிலேஷனல் தரவுத்தளக் கோட்பாட்டைக் கொடுத்த இ. எஃப். காட், 1993ல் ஆர்பர் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் 'ஓலாப்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பல பரிமாணங்களில் தரவை உடனுக்குடன் வெட்டிப் பார்க்கும் முறைக்கு அந்தப் பெயர். 1996ல் ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும், ஒரே கட்டளையில் எல்லா உட்கூட்டல்களையும் போடும் 'கியூப்' செயலியை முன்வைத்தார்கள்.

அதே 1996ல் இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் வெங்கி ஹரிநாராயண், ஆனந்த் ராஜாராமன், ஜெஃப்ரி உல்மன். முதல் இருவரும் சென்னை ஐஐடியில் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு போனவர்கள். கனசதுரத்தைப் பற்றிப் படிக்கும் எந்த மாணவரும் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. அது எழுப்பிய கேள்வி எளிமையானது: எந்தக் கூட்டலை முன்கூட்டியே போட்டு வைப்பது?

மூன்று பரிமாணம் இருந்தால் எட்டு விதமாகக் கூட்டலாம். ஆள்-நாள்-நிரை மூன்றும் சேர்த்து, ஏதாவது இரண்டு சேர்த்து, தனித்தனியாக ஒன்று, ஒன்றுமே இல்லாமல் மொத்தமாக ஒரே எண். பத்து பரிமாணம் என்றால் 1,024 விதம். எல்லாவற்றையும் போட்டு வைத்தால் இடம் பத்தாது. ஒன்றையும் போட்டு வைக்காவிட்டால், மேலாளர் கேட்கும்போது காபி குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் சொன்ன வழி: முழு விவரமுள்ள அட்டவணையை வைத்துக்கொள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும், அந்த நேரத்தில் எந்தக் கூட்டல் அதிகம் வேலையை மிச்சப்படுத்துமோ அதைத் தேர்ந்தெடு. இந்தப் பேராசை வழி மிகச் சிறந்ததாக இல்லாமல் போகலாம். ஆனால் மிகச் சிறந்த தேர்வு தரும் பலனில் குறைந்தது 63 விழுக்காடு உறுதி என்று நிரூபித்தார்கள்.

கிராணியும் இதைத்தான் செய்தார், நிரூபணம் இல்லாமல். துரை அடிக்கடி கேட்பது எதுவோ அதற்கு ஏட்டின் ஓரத்தில் கூட்டல் தயாராக இருக்கும்: மாத மொத்தப் பால், மொத்தக் கூலி, கங்காணிவாரி ஆள்நாள். யாரும் கேட்காத கூட்டல் போடப்படவே இல்லை. நிறைமாதத்தில் எத்தனை பெண்கள் மரம் வெட்டினார்கள்? ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வருடம் செத்தார்கள்? விவரம் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கலாம். கேட்கிற ஆளுக்கு மேசை இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. ஹரிநாராயணும் ராஜாராமனும் நண்பர்களோடு 'ஜங்லி' என்ற நிறுவனத்தைத் தொடங்க, 1998ல் அமேசான் அதை வாங்கியது. அங்கே 2001ல் அவர்களும் ஆனந்த் ரங்கநாதனும் சேர்ந்து ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கணினியால் முடியாத சின்னச் சின்ன வேலைகளை முகம் தெரியாத மனிதர்களிடம் பிரித்துக் கொடுத்து, விடையைக் கணினிக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. 2005ல் அமேசான் 'மெக்கானிக்கல் டர்க்' என்ற சேவையைத் தொடங்கியது. துண்டு வேலைக்குத் துண்டுக் காசு. அதைப் படித்தபோது ஸ்டோர் வாசலில் ஒட்டுப்பால் நிறுக்க நிற்கும் வரிசை என் கண்முன் வந்தது.

ஏஜென்ட் என்ற பத்தி

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், 'அடுத்த வாரம் யார் வேலைக்கு வராமல் போகக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லும் மாடல் வேண்டும்' என்றார்கள். ஆறு மாத வருகைப் பதிவை எடுத்துக் கனசதுரம் கட்டினேன். பரிமாணங்களில் ஒன்று, 'ஏஜென்ட் எண்'. அங்கே வேலை செய்த நேபாளிகளும் வங்காளதேசிகளும் எந்த ஏஜென்ட் வழியாக வந்தார்கள் என்பது அது. மாடல் நன்றாகவே ஓடியது. குறிப்பிட்ட ஓர் ஏஜென்ட்டின் ஆட்கள் தாமதமாக வருவார்கள், மட்டம் போடுவார்கள் என்று சிவப்பில் காட்டியது. மேலாளருக்கு மகிழ்ச்சி. அடுத்த மாதம் அந்த ஆட்களுக்கு ஓவர்டைம் குறைந்தது. அவர்கள் ஊருக்கு அனுப்பும் காசு குறைந்தது என்று அதற்கு அர்த்தம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏஜென்ட் எண் என்பது கங்காணி பத்தி. நூறு வருடத்துக்கு முந்தைய செக்ரோலை நான் பைதானில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காவலர் கொட்டகைக்குப் போனேன். பேருந்துகள் உள்ளே நுழையும் நேரத்தை அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். யாரும் அதைக் கணினியில் ஏற்றியதே இல்லை. இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, 'பேருந்து வந்த நேரம்' என்ற பரிமாணத்தைச் சேர்த்தேன். அந்த ஆட்கள் எல்லோரும் ஒரே விடுதி. ஒரே பேருந்து. தாமதங்களில் பெரும்பகுதி, பேருந்து தாமதமாக வந்த நாட்களில் நடந்தவை. பேருந்து வராத நாட்கள், 'வேலைக்கு வராத நாட்கள்' என்று பதிவாகியிருந்தன.

பேருந்துக்காரரை மாற்றினார்கள். ஓவர்டைம் திரும்பக் கிடைத்தது, இழந்த மாதத்துக்கு அல்ல. ஏஜென்ட் பத்தியை எடுத்துவிடலாம் என்றேன். "டேட்டா இருக்கட்டும்பா, எப்பவாச்சும் தேவைப்படும்" என்றார்கள். நான் வேலை மாறும்வரை அந்தப் பத்தி அங்கேயே இருந்தது.

பாட்டியின் எட்டு வருடம்

கடைசியாகப் பாட்டியின் கணக்கு. தோட்டம் கைமாறி, மரம் சாய்த்து, மேம்பாட்டுக்குப் போனபோது ஆட்களுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் கூலி. எத்தனை வருடம் என்பதை ஏடுதான் சொல்லும்.

பாட்டி பத்து வயதிலிருந்து தன் அம்மாவோடு காட்டுக்குப் போனவர். அம்மா வெட்டுவார், பாட்டி மங்கு துடைத்து ஒட்டுப்பால் உரிப்பார். எடை போட்டது அம்மாவின் பெயரில். "என் பேரு ஏட்டுல ஏறுனதே கல்யாணத்துக்கு அப்புறந்தான்யா. பதினெட்டு வயசுல." எட்டு வருடம். வருடத்துக்கு 20 நாள் என்றால் 160 நாள் கூலி. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த எட்டு வருடத்தைப் பாட்டி இன்றுவரை மறக்கவில்லை. நட்டஈட்டுத் தாளில் தன் வேலைக்காலத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபோது, "அப்ப அதுக்கு முன்னாடி நான் என்ன செஞ்சேனாம்?" என்று அவர் கேட்டதை அம்மா அடிக்கடி சொல்வார்.

நான் கட்டும் கனசதுரங்களில் காலிக் கட்டத்துக்கும் பூஜ்யத்துக்கும் வேறுபாடு உண்டு. பூஜ்யம் என்றால் வேலை நடக்கவில்லை என்று தெரியும். காலி என்றால் தெரியாது என்று பொருள். கூட்டும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். பாட்டியின் எட்டு வருடம் காலிக் கட்டம், பூஜ்யமாகக் கூட்டப்பட்டது.

அந்த ஏட்டைத் தேடலாம் என்று ஒருமுறை நினைத்தேன். வேலைச் சட்டப்படி முதலாளி பதிவேடுகளை வைத்திருக்க வேண்டிய காலம் ஆறு ஆண்டுதான். தோட்டமே போய் எத்தனையோ ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால், தகரப் பெட்டியில் ஒரு சம்பளச் சீட்டோ, பழைய பால் கார்டோ, தோட்டத்து நற்சான்றிதழோ கிடக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த நிரை, எந்த வருடம், யார் பெயரில் எடை போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நான் ஒரு அட்டவணை தொடங்கியிருக்கிறேன். முதல் வரி பாட்டி. 'ஏட்டில் ஏறிய வருடம்' என்ற பத்திக்கு முன்னால் 'வேலை தொடங்கிய வருடம்' என்று தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன்.

போன வாரம் அதை மடிக்கணினியில் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கம்மா பேரையும் போடு" என்றார். போட்டேன்.